இறுக்கக் கூடாத திருகு

ஹட்டனில் ஆட்டோ ஹூட் தைக்கிற பெண் நான் ஒருத்திதான். இன்னொருத்தி இருந்தால் எனக்குத் தெரியாமல் போகாது. இந்த ஊரில் ஒருவர் புதுக் குடை வாங்கினாலே அடுத்த பஸ் வருவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடக்கமாகப் பேசுவது நல்ல குணம் என்பார்கள். எனக்கு அந்தக் குணம் கிடையாது. செய்த வேலையை நான் செய்தேன் என்று நானே சொல்லாவிட்டால், அதை வேறொருவர் செய்ததாகச் சொல்ல எப்போதும் யாராவது தயாராக இருக்கிறார்கள். போன வருடம் அப்படித்தான் நடக்க இருந்தது.

பஸ் நிலையத்துக்குக் கீழே இறங்குகிற சந்தில் உள்ள ஒரு குஷன் கடையில் வேலை செய்கிறேன். ஆட்டோவுக்கு சீட், மேலே மூடுகிற ஹூட், வேனுக்கு சீட் உறை, பள்ளிக்கூடம் தொடங்குகிற மாதத்தில் பிள்ளைகளின் பைகள், நடுநடுவே கொழுந்து எடுக்கிற அக்காமார் இடுப்பில் கட்டுகிற படங்கு. எல்லாம் தடித்த சாமான்தான். கடையில் இரண்டு மெஷின். வாசலோரம் இருப்பது சின்னது, பையின் வாயை இழுத்து மூடுகிற சிப் வைக்கவும் பை தைக்கவும். உள்ளே ஜன்னலுக்குப் பக்கத்தில் இருப்பது பெரியது. அது ரெக்சினைக் கீழிருந்தும் இழுக்கும், மேலே துணியை அமுக்குகிற இரும்புப் பாதத்தாலும் இழுக்கும். ஆறு மடிப்பு வைத்தாலும் முனகாமல் போகும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்தப் பெரிய மெஷினில் இருந்தவர் கட்டாருக்குப் போய்விட்டார். முதலாளி மூன்று வாரம் ஆள் தேடினார். ஆள் கிடைக்காததால்தான் வாசலோர மெஷினில் சிப் வைத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாரே தவிர, என்மேல் இருந்த நம்பிக்கையால் அல்ல. எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. உட்கார்ந்தேன், எழுந்திருக்கவில்லை.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருடம் கொழும்புப் பக்கம் கார்மெண்ட்ஸில் இருந்தேன். பதினோரு வருடமும் சட்டைக் காலர்தான். ஒரு முழுச் சட்டையை நான் தைத்ததே இல்லை. இங்கே ஒரு முழு ஹூட்டை நானே வெட்டி, நானே தைத்து, கம்பியில் மாட்டி, அது மழையில் ரோட்டில் போவதை என் கண்ணாலேயே பார்க்கிறேன். டிக்கோயாப் பக்கம் பஸ்ஸில் போகும்போது எதிரே வருகிற ஆட்டோக்களில் எது என்னுடையது என்று மூலைத் தையலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

இனி அந்த கிளட்ச் விஷயம். பெரிய மெஷினின் அடியில், ஊசிக்குக் கீழே, நூலைப் பிடித்துத் தையலைப் போடுகிற ஹூக் ஒன்று சுற்றும். அதைச் சுற்ற வைக்கிற தண்டில் ஒரு சின்ன கிளட்ச் இருக்கிறது. நூல் சிக்கி ஹூக் இறுகிக்கொண்டால், மோட்டார் அதை இழுத்து உடைப்பதற்கு முன்னால் இந்த கிளட்ச் ‘டக்’ என்று பிடியை விட்டுவிடும். ஊசி மேலும் கீழும் போகும், சக்கரம் சுற்றும், ஹூக் மட்டும் நின்றுவிடும். தையல் விழாது. சிக்கிய நூலை எடுத்துவிட்டு, மெஷினின் மேல்தட்டில் இருக்கிற ஒரு வட்டப் பட்டனை அழுத்திக்கொண்டு, சக்கரத்தை எதிர்ப்பக்கமாக ஒரே மூச்சில் திருப்பினால் மறுபடி ஒரு ‘டக்’. பிடித்துக்கொள்ளும். கயிறு இழுக்கும் போட்டியில் கை கிழிவதற்கு முன்னால் கயிற்றை விட்டுவிடுகிற புத்தியுள்ள ஆளைப் போன்றது அது. அந்த ஆளைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆயுத பூசைக்கு எங்கள் கடையில் பொட்டு வைப்பது என் வேலை. முதல் நாளே இரண்டு மெஷினையும் துடைத்து, கத்தரிக்கோல், சுத்தியல், குறடு எல்லாவற்றையும் கழுவி வாழை இலையில் அடுக்குவோம். பொரி, கடலை, வாழைப்பழம், தேங்காய். முதலாளி சாமி விஷயத்தில் கண்டிப்பானவர். பாக்கெட்டில் விற்கிற சந்தனத் தூள் அவருக்கு ஆகாது. கட்டையை உரசித்தான் குழைக்க வேண்டும். பொட்டும் கண்ணுக்குத் தெரிந்தால் போதாது, ரோட்டில் போகிறவனுக்கும் தெரிய வேண்டும். நானும் தாராளமாகக் குழைத்து, பெரிய மெஷினின் நெற்றியில் ஒன்று, சக்கரத்தில் ஒன்று, மேசையில் ஒன்று வைத்தேன். விரலில் இன்னும் மிச்சம் இருந்தது. மேல்தட்டில் அந்த வட்டப் பட்டன் பொட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அதிலும் ஒன்று வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். பார்க்க அழகாக இருந்ததை மறுக்கமாட்டேன்.

பூசை முடிந்து இரண்டாம் நாள் ஒரு ஹூட் வேலை வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுகிற ஆட்டோ. பழைய ஹூட் பின்பக்கம் கிழிந்து, ஓட்டுகிறவர் உரப்பையை வெட்டிக் கட்டியிருந்தார். ஐப்பசி மழை. பின்னால் உட்காருகிற பிள்ளைகளின் முதுகு நனைகிறது என்றார். இரண்டு நாளில் தருகிறேன் என்றேன். வெட்டி முடித்து முதல் நீளத் தையலைத் தொடங்கினேன். அரைச் சாண் போனதும் ‘டக்’.

நூல் சிக்கியிருக்கும் என்று பார்த்தேன். சிக்கவில்லை. பட்டனை அழுத்தி, சக்கரத்தைத் திருப்பி, மறுபடி தொடங்கினேன். நாலு தையல், ‘டக்’. மறுபடி. மறுபடி. பத்தாவது தடவை முதலாளி தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"என்னா தங்கச்சி சத்தம்?"

"கிளட்ச் விடுதுங்க மொதலாளி. ஏன்னு தெரியல."

அவர் மெஷினைப் பார்க்கவில்லை. சாமிப் படத்தைப் பார்த்தார். "பூசையில ஏதோ கொற" என்றார்.

அன்றைக்கே இன்னொரு சின்னப் பூசை நடந்தது. மெஷினின் பெடலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பழைய பொட்டுகளின்மேலேயே புதிய பொட்டுகள், இந்த முறை இன்னும் கெட்டியாக. வைத்தது நான்தான். பட்டனையும் விடவில்லை.

அடுத்த நாள் நாலு தையல்கூடப் போகவில்லை. இரண்டிலேயே விட்டது. முதலாளி கினிகத்தேனையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார். சிங்களவர். இந்தப் பக்கத்துக் குஷன் கடை மெஷின்கள் எல்லாம் அவர் கையில்தான். இங்கே கைவேலைக்காரர்களைக் கூப்பிடுகிற மாதிரி எல்லோரும் அவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். வேலை தெரிந்தவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எப்போதும் ஒரு கால் மோட்டார் சைக்கிளிலேயே இருக்கும். அடுத்த கடை, அடுத்த ஊர்.

வந்தார். ஒரு ரெக்சின் துண்டை வைத்து ஓட்டினார். அழகாகத் தைத்தது. இன்னொரு துண்டு. அதுவும் தைத்தது. மெஷின் தலையைச் சாய்த்து, அடியில் கிளட்சில் இருக்கிற திருகை நன்றாக இறுக்கினார். மறுபடி துண்டை ஓட்டிக் காட்டினார். அவர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நான் ஹூட்டை எடுத்து வைத்தேன். இந்தத் தடவை ‘டக்’ இல்லை. மேசையே குலுங்குகிற மாதிரி ஒரு முறுகல், அதற்குப் பிறகு ஒரு பெரிய வெடிச்சத்தம். ஹூக் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். உடையவில்லை, கடைசி நிமிடத்தில் கிளட்ச்தான் பிடியை விட்டிருந்தது.

பாஸ் கோப்பையை வைத்துவிட்டு முதலாளியிடம் சிங்களத்தில் பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்தாரோ, தெரிந்தால் என்ன என்று நினைத்தாரோ. நங்கி என்றால் தங்கச்சி, என்னைத்தான் சொன்னார்.

"இந்த நங்கிக்குக் கை கனம். துணியைப் பிடித்து இழுக்கிறார். துண்டு வைத்தால் ஓடுகிறது, இவர் உட்கார்ந்தால் நிற்கிறது. கிளட்ச்சும் தேய்ந்திருக்கும், திங்கட்கிழமை வந்து மெஷின் தலையைக் கழற்றிக்கொண்டு போகிறேன். கண்டியில் எனக்குத் தெரிந்த ஒரு ஆள் வேலை தேடுகிறார். பத்து வருடம் இந்த மெஷினிலேயே இருந்தவர். கையோடு கூட்டிக்கொண்டு வரட்டுமா?"

முதலாளி என்னைப் பார்க்காமல் தலையை ஆட்டினார்.

கை கனம். பதினோரு வருடம் காலர் தைத்த கை. காலரின் முனையில் ஒரு நூல் நகர்ந்தாலும் திருப்பி அனுப்பிவிடுகிற இடத்தில் பதினோரு வருடம் இருந்த கை. கார்மெண்ட்ஸில் கற்ற சிங்களம் சண்டை போடப் போதுமானது. ஆனால் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து பேசாமல் நின்றேன். திங்கட்கிழமை கண்டி ஆள் வந்தால் நான் வாசலோர மெஷினுக்குப் போக வேண்டும். மறுபடி சிப். இந்த வயதில் அங்கே போய் உட்கார்ந்தால் அப்புறம் உள்ளே கூப்பிடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் அன்றைக்கு யாரிடமும் ஒழுங்காகப் பேசவில்லை.

சனிக்கிழமை காலை முதலாளி நுவரெலியாவுக்குப் புறப்பட்டார், ஒரு ஹோட்டல் வேனுக்கு சீட் அளவெடுக்க.

"பெரிய மெஷின தொட வேணாம். நீங்க சின்னதுல பைகள முடிங்க" என்றார்.

"சரிங்க மொதலாளி" என்றேன். அவருடைய வேன் மேட்டைத் தாண்டுகிற வரைக்கும்தான் அந்தச் சரி.

என் கோபத்தில் ஒரு நல்ல விஷயம் உண்டு. கத்தித் தீர்க்க முடியாவிட்டால் அது மூளைக்குப் போய்விடும். பாஸ் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை: துண்டு வைத்தால் ஓடுகிறது, ஹூட் வைத்தால் நிற்கிறது. அது ஏன் என்று அவர் கேட்கவில்லை. என் கை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சரி, நான் கேட்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

முதலில் தடிப்பு. உள்ளங்கை அகலத்துக்கு ரெக்சினை வெட்டி, ஆறு மடிப்பாக வைத்து ஓட்டினேன். ஹூட்டின் மூலைகூட அவ்வளவு தடிப்பு வராது. ஒன்றும் நடக்கவில்லை. சீராகப் போனது. பிறகு ஹூட்டை எடுத்து ஒரே மடிப்பில் வைத்தேன், தடிப்பே இல்லாத இடத்தில். நாலாவது தையலில் மேசை குலுங்கி, கிளட்ச் பிடியை விட்டது. ஆகத் தடிப்பு இல்லை. கையும் இல்லை, ஏனென்றால் இரண்டையும் தைத்தது இதே கைதான். அதைச் சத்தமாகவே சொல்லிக்கொண்டேன். கேட்க யாரும் இல்லாததுதான் குறை.

மிச்சம் இருப்பது பாரம். ஹூட் என்றால் ஒரு ஆட்டோவையே மூடுகிற சாமான். மேல்தட்டை முழுக்க மூடி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தொங்கும். சணல் கயிற்றை எடுத்து, ஹூட்டின் பெரும்பகுதியைச் சுருட்டி ஜன்னல் கம்பியில் கட்டினேன். தட்டில் பாரம் விழாதபடி தூக்கி நிறுத்திவிட்டுத் தைத்தேன். ஒரு சாண் போனது. இரண்டு சாண் போனது. கயிற்றை அவிழ்த்தேன், ஹூட் தட்டில் விழுந்தது, மூன்றாவது தையலில் நின்றுவிட்டது. மெதுவாக ஹூட்டைத் தூக்கிப் பார்த்தேன்.

தட்டில் அந்த வட்டப் பட்டன் உள்ளே அமுங்கியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, லீவு நாளில் எழுப்பிவிட்ட ஆளைப் போல, அது சோம்பலாக மேலே வந்தது. அதன் ஓரத்தைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு வளையம். என் சந்தனம். என் குங்குமம்.

மோட்டாரை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, மெஷின் தலையைப் பின்னால் சாய்த்து, போன் வெளிச்சத்தை அடியில் பிடித்தேன். பட்டனுக்குக் கீழே ஒரு முள் இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு ஸ்பிரிங். பட்டனை அழுத்தினால் முள் இறங்கி கிளட்சில் இருக்கிற ஒரு வெட்டில் விழுந்து அதைப் பிடித்துக்கொள்ளும். கையை எடுத்ததும் ஸ்பிரிங் முள்ளை மேலே தூக்கிவிட வேண்டும். ஆனால் இரண்டு பூசைச் சந்தனமும் பட்டனின் ஓட்டை வழியாக இறங்கி, மெஷின் எண்ணெயோடு சேர்ந்து, காய்ந்து, முள்ளையும் ஸ்பிரிங்கையும் பிசின் போட்டதுபோல் ஒட்டி, ஸ்பிரிங்கின் பலத்தைப் பாதியாக்கியிருந்தது. ஹூட்டின் பாரம் பட்டன்மேல் விழும்போதெல்லாம் முள் இறங்கும், பாரம் இருக்கிற வரைக்கும் ஏறாது. சுற்றிக்கொண்டிருக்கிற கிளட்சின் வெட்டில் போய் மாட்டும். ஓடுகிற தண்டைப் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் பாவம் என்ன செய்யும்? விடத்தான் செய்யும். அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஹூக்கைக் காப்பாற்றியிருக்கிறது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. கண்டுபிடித்தது நான். கெடுத்ததும் நான். குழைத்தது என் கை, வைத்தது என் விரல், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். எதிர்க்கடைத் தம்பி எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

பிறகு வேலை. பட்டனைப் பிடித்திருந்த சின்னத் திருகைக் கழற்றினேன். பட்டன் வர மறுத்தது. சுற்றிலும் மண்ணெண்ணெய் விட்டு, அது ஊறுகிற நேரத்தில் சின்ன மெஷினில் இரண்டு பைக்கு சிப் வைத்தேன், முதலாளியிடம் பொய் சொன்ன கணக்கில் வராமல் இருக்க. அடியிலிருந்து மெதுவாகத் தட்டியதும் பட்டன், முள், ஸ்பிரிங் மூன்றும் ஒரே கட்டியாக வெளியே வந்தன. பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். ஓட்டைக்குள் விளக்குமாற்று ஈர்க்கில் துணியைச் சுற்றி விட்டுத் திருப்பினேன். முதல் துணி மஞ்சளாக வந்தது, ஐந்தாவது வெள்ளையாக வந்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திரும்ப மாட்டினேன். அழுத்தினால் இறங்கியது. விரலை எடுத்ததும் படக்கென்று எழுந்தது.

அத்தோடு மூடிவிட்டு ஹூட்டைத் தைத்திருக்கலாம். ஓடியிருக்கும். ஆனால் பாஸ் இறுக்கிவிட்டுப் போன திருகு அப்படியே இருந்தது. கம்பெனியில் போட்ட பழைய வெள்ளைக் கோடு ஒன்று திருகின் பக்கத்தில் இருந்தது. திருகு அதைத் தாண்டி அரைச் சுற்று போயிருந்தது. சோதித்துப் பார்த்தேன். நூலைப் பந்தாகச் சுருட்டி வேண்டுமென்றே ஹூக்கில் அடைத்து, மோட்டார் இல்லாமல் கையாலேயே சக்கரத்தைத் திருப்பினேன். கிளட்ச் விடவில்லை. என் முழுப் பலத்தையும் போட்டேன், ஹூக் முனகியதே தவிர கிளட்ச் விடவில்லை. மோட்டார் ஓடியிருந்தால் கிளட்ச் விடுவதற்குள் ஹூக் துண்டாகியிருக்கும். விட வேண்டிய நேரத்தில் விடாத கிளட்ச் எதற்கு? திருகைக் கோடு வரைக்கும் பின்னால் கொண்டுவந்தேன். மறுபடி நூலை அடைத்துத் திருப்பினேன். ‘டக்’. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் இந்த மலையில் நானாகத்தான் இருப்பேன்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கார்மெண்ட்ஸில் மெஷினின் அடிப்பக்கத்தை நாங்கள் தொடக்கூடாது. பழுது வந்தால் கையைத் தூக்கிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் கையைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை.

பெல்ட்டை மாட்டி ஹூட்டைத் தைக்கத் தொடங்கினேன். முதலாளி நாலு மணி போல, பனிமூட்டத்தில் விளக்குப் போட்டுக்கொண்டு வந்து இறங்கியபோது இரண்டு நீளத் தையலும் முடிந்து மூலைக்கு வந்திருந்தேன். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். தொட வேண்டாம் என்று சொன்னதை மறந்துவிட்டார், அவ்வளவு சந்தோஷம்.

"பாத்தீங்களா, பாஸ் இறுக்குனது இப்பதான் புடிச்சிருக்கு" என்றார்.

நான் பெடலிலிருந்து காலை எடுத்து மெஷினை நிறுத்தினேன். இந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். சந்தனத்தைப் பற்றி யாருக்கும் தெரியாது. ஆனால் சும்மா இருந்தால் மெஷினைச் சரிசெய்தவர் பாஸ், கை கனமானவள் நான், திங்கட்கிழமை கண்டி ஆள் வந்துவிடுவார். உண்மையைச் சொன்னால் முதலாளியின் பூசையைக் குறை சொன்னவள் ஆவேன், இரண்டாவது பூசை அவர் ஆசைப்பட்டுச் செய்தது. இரண்டில் எது நல்லது என்று கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"பாஸ் இறுக்குனத நான் தளத்திட்டேங்க. கிளட்ச்ல பழுது இல்ல. பட்டனுக்குள்ள சந்தனம் எறங்கி காஞ்சிருந்துச்சு. கழட்டி கழுவிப் போட்டேன்."

அவர் முகம் மாறியது. "சாமிக்கு வச்ச சந்தனத்த கொற சொல்றீங்களா?"

"சந்தனத்துல கொற இல்லைங்க. வச்ச எடந்தான் கொற. அங்க வச்சது நான். மொத தடவையும் நான்தான், ரெண்டாந்தடவையும் நான்தான்."

"அப்ப மெஷின கெடுத்தது நீங்கதானா?"

"ஆமாங்க."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான். நம்பாமல் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். "பொட்டு வச்சா மெஷின் நிக்குமா, இதென்னா கத" என்றார்.

மோட்டாரை நிறுத்திவிட்டு எழுந்தேன். "இங்க வந்து ஒங்க வெரலால அந்தப் பட்டன லேசா அமுக்கிப் புடிங்க. நான் சக்கரத்த கையால சுத்துறேன்."

பெரிய மோதிரம் போட்ட விரலை நீட்டிப் பட்டன்மேல் வைத்தார். சக்கரத்தைத் திருப்பினேன். கால் சுற்று, அரைச் சுற்று, தண்டு எதிலோ மாட்டியது, ‘டக்’. சுட்டதுபோல் விரலை எடுத்தார். ஹூக் நின்றுவிட்டது, ஊசி மட்டும் சும்மா இறங்கி ஏறியது. குனிந்து அதைப் பார்த்தார். பிறகு அவரையே பட்டனை அழுத்தச் சொல்லி, சக்கரத்தை எதிர்ப்பக்கம் எப்படித் திருப்புவது என்று காட்டினேன். இருபத்தைந்து வருடம் குஷன் கடை வைத்திருக்கிறவர், முதல் தடவையாக கிளட்சைத் தானே போட்டார். போட்டுவிட்டு இன்னொரு தடவை விட வைத்தார். இன்னொரு தடவை போட்டார். சின்னப் பிள்ளைக்கு ஸ்விட்ச் கிடைத்தது போல விடவே இல்லை.

"போதுங்க மொதலாளி, மூல தைக்கணும்" என்றேன்.

அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். யாரிடம் பேசுகிறார் என்று உடனே தெரிந்துவிட்டது, சிங்களத்தில் பேசினார்.

"பாஸ், திங்கட்கிழமை வர வேண்டாம். கண்டி ஆளையும் கூட்டிக்கொண்டு வர வேண்டாம்." கொஞ்ச நேரம் கேட்டார். "இல்லை, கிளட்ச் இல்லை. பட்டன். சந்தனம்." மறுபடி கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, எனக்கும் கேட்கட்டும் என்பதுபோல் சொன்னார். "யார் திருத்தினதா? கெடுத்த கைதான் திருத்தியது. அந்தக் கையே தைக்கட்டும்."

எனக்கு அழுகை வந்தது. முந்தாநாள் வராமல் பிடித்து வைத்திருந்தது இப்போது வந்தது. பெருமையில் வந்த அழுகை, அதனால் துடைக்கவில்லை.

முதலாளி உள்ளே வந்து போனை என்னிடம் நீட்டினார். "பாஸ் ஒங்ககிட்ட பேசணுமாம்."

நாலு வருடத்தில் அந்த மனிதர் என்னைப் பற்றி முதலாளியிடம் பேசியிருக்கிறார், என்னிடம் பேசியதில்லை. போனைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம், எங்கேயோ ரோட்டோரம் ஒதுங்கி நின்றிருப்பார்.

"நங்கி" என்றார். "தலவாக்கலையில் ஒரு குஷன் கடை. இதே மாதிரி மெஷின். பூசை முடிந்ததிலிருந்து அங்கேயும் கிளட்ச் விடுகிறது. நேற்று அதையும் இறுக்கிவிட்டு வந்திருக்கிறேன்."

நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தவறில்லை, ஆனாலும் சிரிக்கவில்லை.

"அந்தத் திருகை முதலில் கோடு வரைக்கும் தளர்த்துங்கள் பாஸ்" என்றேன் சிங்களத்தில், சண்டைக்கென்று கற்று வைத்திருந்த அதே சிங்களத்தில். "அப்புறம் பட்டனைக் கழற்றுங்கள். எப்படி என்று சொல்கிறேன்."

"மெதுவாகச் சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

மெதுவாகச் சொன்னேன். மண்ணெண்ணெய், ஈர்க்கு, ஐந்து துணி, ஒரு சொட்டு எண்ணெய், ஒன்றையும் விடவில்லை. எங்கள் கடையில் அந்தச் சந்தனத்தை வைத்தது யார் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.